சைக்கிள் ஷாக்கில் ரப்பர் போய்விட்டதா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. தக்கலையிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் சைக்கிளையும், கொண்டுவந்து விடுகிறவர்களின் சைக்கிளையும் முற்றத்தில் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் நின்று கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை. பாதிக்கு மேல் ரப்பரைப் பற்றியவை. ஊரெல்லாம் ரப்பர் மரம் நிற்கிறது, ரப்பரைப் பற்றி நமக்கே தெரியாதா என்ற தைரியம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது.

என் சைக்கிள் ஷாக்கில் ஸ்பிரிங்தானே இருக்கிறது? ரப்பர் எங்கே வந்தது?

பார்க்க ஸ்பிரிங் மாதிரிதான் இருக்கும். விலை குறைந்த முன் ஷாக் பலவற்றில் ஸ்பிரிங்குக்கு நடுவே விரல் தடிமனில் ஒரு பஞ்சு ரப்பர் குச்சி நிற்கும். எலாஸ்டோமர் என்பது அதைத்தான். குழாயின் அடியிலும் மேலும் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். ஷாக் முழுக்க அமுங்கும்போதும் முழுக்க விரியும்போதும் இரும்பு இரும்பில் மோதாமல் தாங்குவது அவற்றின் வேலை. இவை தவிர, குழாய் உள்ளே போய் வரும் வாயில் தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீல், பின் ஷாக் உள்ள சைக்கிளில் ஷாக்கின் இரண்டு முனையிலும் போல்ட் நுழையும் கண்ணில் உட்காரும் வளையமான புஷ், ஷாக் வைத்த சீட் போஸ்டில் ரப்பர் துண்டு, சில மடக்கு சைக்கிளில் பின்பக்க ஃபிரேமுக்கு நடுவே ஒரு கட்டை. தேடினால் ஐந்தாறு இடத்தில் கிடைக்கும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?

இதற்குக் கிலோமீட்டர் கணக்கு சொல்ல முடியாது. செயின் ஓட ஓடத் தேயும், பிரேக் கட்டை பிடிக்கப் பிடிக்கத் தேயும். ரப்பர் சும்மா நின்றாலும் போகும். ஓடாமல் மூலையில் சாய்த்து வைத்த சைக்கிளில்தான் மோசமான ரப்பரைப் பார்த்திருக்கிறேன்.

பீரோவில் பத்திரமாக வைத்திருந்த ஷூவைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டு, மண்டப வாசலில் அடிப்பாகம் மட்டும் கழன்று பொடிப்பொடியாக உதிர்ந்த அனுபவம் யாருக்காவது உண்டா? ஷாக்குக்குள் நடப்பதும் அதேதான். அந்த ஷூவின் அடிப்பாகம் பாலியூரித்தேன் நுரை. ஷாக்கில் இருக்கும் மஞ்சள், சிவப்பு, நீலக் குச்சிகளும் பெரும்பாலும் அதே ஜாதி. இந்த நுரையில் ஒரு வகைக்குத் தண்ணீரே எதிரி. மழையில் நனையக்கூட வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரமே உள்ளே புகுந்து, நுரைக்குள் இருக்கும் நீளமான மூலக்கூறுச் சங்கிலியை அங்கங்கே அறுக்கும். அறுபடும் இடத்தில் அமிலம் உண்டாகும், அந்த அமிலம் மேலும் வேகமாக அறுக்கும். வெளியே நன்றாகத் தெரிந்த குச்சி ஒரு நாள் திறந்து பார்த்தால் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். இரண்டு பருவமழையும் கொட்டி, நடுவில் கடல்காற்றும் அடிக்கிற ஊர் நம்முடையது. வறண்ட ஊர்க்காரர் எழுதிய ஆயுள் கணக்கை இங்கே அப்படியே நம்ப வேண்டாம்.

என் வழக்கம் இது: வருடத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு திறந்து பார்ப்பேன். நன்றாக இருந்தால் துடைத்துத் திரும்பப் போட்டுவிடுவேன்.

திறக்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

ஓரளவு இருக்கிறது. ஹேண்டிலைப் பிடித்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ‘டக்’ என்று ஒரு தட்டல் கேட்டால் ஷாக் விரியும்போது தாங்க வேண்டிய வளையம் போயிருக்கிறது. குழியில் இறங்கும்போது ‘டொக்’ என்று மணிக்கட்டு வரை அடித்தால் அடி வளையம், அல்லது நடுக்குச்சி. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அமுக்கி விடுங்கள். அமுங்கிய இடத்திலிருந்து சோம்பேறித்தனமாக எழுந்தால் உள்ளே ஒட்டல் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம். வெறும் அழுக்காகவும் இருக்கலாம். பின் ஷாக்குக்குச் சீட்டைப் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்பும் முன் கையில் ஒரு சின்ன ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது.

குழாய் மேல் கறுப்பாகவோ மஞ்சளாகவோ பிசுபிசுப்பு வழிந்திருந்தால் சோதனையே வேண்டாம், பிரித்துவிடுங்கள்.

பிரித்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, ஒட்டவும் இல்லை. அப்போ நல்லதுதானே?

நீளத்தை அளந்து பாருங்கள். ரப்பருக்கு வயதாவது பல நேரம் வெடிப்பாகத் தெரியாது, குட்டையாகத்தான் தெரியும். பல மாதம் பாரத்தைச் சுமந்த துண்டு, பாரத்தை எடுத்தாலும் பழைய உயரத்துக்கு வராது. இடது வலது இரண்டிலும் ரப்பர் இருக்கும் ஷாக் என்றால் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். நிறைய மலிவு ஷாக்கில் ஸ்பிரிங்கே ஒரு காலில்தான் இருக்கும், இன்னொரு கால் வெறும் குழாய். அதைப் பார்த்து யாரோ திருடிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். பத்தில் ஒரு பங்கு குட்டையாகியிருந்தால் நான் மாற்றிவிடுவேன். அது என் கைக்கணக்குதான், சட்டம் இல்லை.

அப்புறம் நகத்தால் அழுத்துங்கள். நக அச்சு உடனே மறைந்தால் உயிர் இருக்கிறது. அப்படியே நின்றால் போய்விட்டது. இயற்கை ரப்பர் துண்டு என்றால் லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். இழுபடும் பக்கத்தில் குறுக்காக மெல்லிய கோடுகள் ஓடும். அது காற்றிலுள்ள ஓசோன் செய்யும் வேலை. இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் ஓசோன் வெட்டும், எப்போதும் இழுவைக்குக் குறுக்காகத்தான் வெட்டும்.

அண்ணே, நம்ம வீட்டிலேயே ரப்பர் ஷீட் அடிக்கிறோம். அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போட்டால் என்ன?

குலசேகரம் பக்கமிருந்து வரும் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கேட்காமல் வெட்டிப் போட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு.

போடக் கூடாது. ஷீட்டை அடுக்கி வைத்தால் வெயில் காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேலே கல்லை வைத்தால் கல்லின் அச்சு அப்படியே நிற்கும். நீங்கள் செய்தது இவ்வளவுதான்: சிரட்டையில் வடிந்த பாலை ஆசிட் விட்டு உறைய வைத்தீர்கள், மெஷினில் போட்டு உருட்டினீர்கள், புகைப்புரையில் காய வைத்தீர்கள். அது பச்சை ரப்பர். உள்ளே இருக்கும் நீள நீளச் சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை. அமுக்கினால் வழுக்கி நகர்ந்து புது இடத்தில் உட்கார்ந்துவிடும், திரும்பி வராது.

அந்தச் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுவது கந்தகம். ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் அது இறுகும், ஒட்டாது, அமுக்கினால் திரும்பி எழும் என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தார். வல்கனைசிங் என்பது அதுதான். பஞ்சர் கடையில் டியூபுக்கு ‘வல்கனைஸ்’ போடுகிறார்களே, அதே வேலை. கறுப்பு நிறம் வருவது கரித்தூளால். வலுவுக்கும், வெயிலைத் தடுக்கவும் அதைச் சேர்க்கிறார்கள். இத்தனையும் ஆன பிறகுதான் உங்கள் ஷீட் ஷாக் ரப்பர் ஆகும். கீரிப்பாறைத் தோட்டத்து ஷீட்டாக இருந்தாலும் இதே கதைதான். மரம் எவ்வளவு நல்ல மரம் என்பது இங்கே கணக்கில் வராது.

சரி, வல்கனைஸ் ஆன ரப்பர்தானே வேண்டும்? லாரி புஷ், பழைய டயர் இதிலிருந்து வெட்டலாமே?

நான் செய்தேன். சொல்கிறேன்.

ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் என் முன் ஷாக்கின் நுரைக் குச்சி கூழாகிவிட்டது. புதுசு கிடைக்கவில்லை. லாரி ஒன்றின் பழைய புஷ்ஷைக் கடைந்து, குழாய்க்குள் கச்சிதமாக உட்காரும்படி இரண்டு துண்டு செய்து போட்டேன். அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. சைக்கிளில் ஏறினேன், ஷாக் ஒரு இம்மிகூட அசையவில்லை. பேச்சிப்பாறை ரோட்டில் போய்த் திரும்புவதற்குள் முழங்கை இரண்டும் கழன்றுவிடும் போல ஆகிவிட்டது. ரப்பர் கடினமாக இருக்கிறது என்று நினைத்து மென்மையான துண்டு ஒன்றை அதே அளவில் செய்து போட்டேன். அதுவும் அசையவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. திட ரப்பர் சுருங்காது. மேலே அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடம் இருந்தால்தான் அது ஸ்பிரிங். இடம் இல்லாத குழாய்க்குள் அடைத்தால் அது கல் மாதிரி. குழாய்க்குள் தண்ணீரை அடைத்து அமுக்குவது போலத்தான். நான் அவ்வளவு கச்சிதமாகச் செய்ததுதான் தப்பே. கம்பெனி குச்சிக்குள் ஆயிரக்கணக்கான சின்னக் காற்றுக் குமிழி இருக்கிறது. அமுக்கும்போது குமிழி சுருங்கும், குச்சி அதிகம் பிதுங்காது. அதனால்தான் அது குழாய்க்குள் வேலை செய்கிறது. நுரையா திட ரப்பரா என்று தெரியவில்லை என்றால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நுரைக் குச்சி மிதக்கும்.

ஆகவே திட ரப்பர் போடுவதென்றால் குழாயை விடக் கணிசமாக மெலிந்ததாக, சுற்றிலும் இடம் விட்டுப் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் அது ஒரிஜினல் போல இருக்காது. வளையம் போன்ற சின்னத் துண்டுகளுக்கு மட்டும் லாரி டயர் ரப்பர் நல்ல மாற்று. அடி வளையத்துக்கு நானே அதைத்தான் போட்டிருக்கிறேன்.

லேத்தில் பி.யூ. (பாலியூரித்தேன்) ராடு கடைந்து தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

புஷ்ஷுக்கு நன்றாக இருக்கும். குழாய்க்குள் போடும் குச்சிக்கு வேண்டாம், அதுவும் திடப்பொருள்தான், மேலே சொன்ன அதே தொல்லை. ராடு வாங்கும்போது ‘ஷோர் ஏ’ எத்தனை என்று கேளுங்கள். அது கடினத்தின் அளவு. பள்ளிக்கூட அழிரப்பர் 40 பக்கத்தில் வரும், கார் டயரின் மேல்பகுதி 60, 70 வரும். 90 என்று தருவதை வாங்கிப் போட்டால் தேயாது, ஆனால் ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் உங்களுக்குத் தெரியும்.

கீச் கீச் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன், இரண்டு நாள் சத்தம் இல்லை. தொடர்ந்து விடலாமா?

வேண்டாம். தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் இயற்கை ரப்பருக்குள் ஊறிப் போகும். ரப்பர் ஊதும், கூழாகும், வலு போகும். சந்தேகம் இருந்தால் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி போட்டு வைத்துக் காலையில் அளந்து பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் எதைத் துடைக்க வேண்டுமானாலும் மண்ணெண்ணெய்தான் என்ற பழக்கம் இருக்கிறது. செயினுக்கு அது சரி, ரப்பருக்கு அல்ல.

எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ஆயில் சீல் மட்டும் விதிவிலக்கு. அது பெரும்பாலும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர், எண்ணெயில் கிடப்பதற்கென்றே செய்தது. எந்தத் துண்டு என்ன ரப்பர் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் குழப்பமே வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், கொஞ்சமாக. கழுவுவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

வளைகுடாவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த பிராம்ப்டன் மடக்கு சைக்கிள். பின்னால் இருக்கும் ரப்பர் கட்டை மாற்றுவது கஷ்டமா?

இந்தப் பட்டியலிலேயே சுலபமான வேலை அதுதான். பின் முக்கோணத்துக்கும் சீட் குழாய்க்கும் நடுவே நிற்கும் கட்டை அது. போல்ட்டைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைத்து முடுக்கினால் தீர்ந்தது. சாதாரணம், கடினம் என இரண்டு விதம் கிடைக்கும். எடை கூடினவர்களுக்கும் எழுந்து நின்று மிதிக்கிறவர்களுக்கும் கடினமானது. களியக்காவிளை தொடங்கி நாகர்கோவில் வரை நம் மெயின் ரோடு இருக்கும் இருப்புக்கு, ஒல்லியான ஆள் என்றால் சாதாரணமானதையே போடுங்கள். ஒரிஜினலை வாங்குவது நல்லது. அதன் வடிவமே ஸ்பிரிங்காக வேலை செய்வது, தோராயமாக வெட்டிய கட்டையால் அந்த மென்மை வராது.

இணையத்தில் பழைய ஷாக்குக்கு ‘புத்தம் புது பழைய ஸ்டாக்’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

இரும்பு என்றால் வாங்கலாம். ரப்பர் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிடுங்கள். தொண்ணூறுகளில் வந்த வெளிநாட்டு ஷாக் ஒன்றுக்கு இப்படி ஒரு செட் வரவழைத்தேன். கவர் பிரிக்கவே இல்லை, உள்ளே பளபளவென்று இருந்தது. மூன்றாம் மாதம் ரஸ்க் மாதிரி உடைந்தது. விற்றவரைக் கேட்டால், பயன்படுத்தாத பொருள்தானே சார் என்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ரப்பருக்கு அலமாரியிலும் வயதாகும். சரியாகச் சேமித்து வைத்தால் இயற்கை ரப்பருக்கு 5 வருடம், நைட்ரைலுக்கு 7, சிலிக்கானுக்கு 10 என்பது தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. தேவைப்பட்டால் சோதித்துப் பார்த்துக் கொஞ்சம் நீட்டிப்பார்கள். இருபது வருடம் என்பது அந்தக் கணக்கில் வராது.

வாங்கிய ரப்பரை எப்படி வைத்திருப்பது?

வெயில் படாத இடத்தில், கறுப்புக் கவரில், பவுடர் தூவி, மடக்காமல் இழுக்காமல். பம்ப் மோட்டார் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். மோட்டாரில் தீப்பொறி பறக்கும் இடத்தில் ஓசோன் உண்டாகும்.

குளிரில் இந்த ரப்பர் கல்லாகிவிடும் என்று படித்தேன்?

உண்மைதான், பனி விழும் ஊரில். நமக்கு அந்தக் கவலை இல்லை.

சார், ரப்பரில் ஷாக் என்பதே மலிவுக்கு செய்கிற வேலைதானே? நல்ல சைக்கிளில் எல்லாம் காற்றும் எண்ணெயும்தானே?

இன்றைய மலை சைக்கிளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ரப்பரை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. ஸ்டீபன் மோல்டன் என்பவர் குட்இயரின் வல்கனைஸ் ரப்பர் மாதிரிகளை அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன் என்ற சிற்றூரில் 1848இல் ரப்பர் ஆலையும் தொடங்கினார். அவருடைய கொள்ளுப்பேரன் அலெக்ஸ் மோல்டன்தான் 1959இல் வந்த மினி காருக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் கூம்பு வைத்துக் கொடுத்தவர். அவரே 1962இல் சின்னச் சக்கரச் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்னால் ஸ்பிரிங்கும் ரப்பரும், பின்னால் ரப்பர் கட்டை. சக்கரம் சின்னதானால் குழி பெரிதாகத் தெரியும், அதைச் சமாளிக்கத்தான் ஷாக்.

ஸ்பிரிங் துள்ளினால் துள்ளிக்கொண்டே இருக்கும், அடக்குவதற்குத் தனியாக எண்ணெய் வேண்டும். ரப்பர் அமுங்கும்போதே கொஞ்சம் சக்தியைச் சூடாக்கி விழுங்கிவிடும். ஒரே துண்டு இரண்டு வேலையும் பார்க்கும், எண்ணெய் ஒழுகுவதற்கும் வழியில்லை. பதிலுக்கு அது வயதாகும். பழைய மினி வைத்திருப்பவர்கள் வண்டி உயரம் குறைந்துபோனால் முதலில் பார்ப்பது அந்தக் கூம்பைத்தான்.

முன் ஷாக்கை வீட்டிலேயே பிரிக்கலாமா?

ஸ்பிரிங், ரப்பர் ஷாக் என்றால் பிரிக்கலாம். காற்று ஷாக் என்றால் காற்றை முழுக்க இறக்காமல் கை வைக்காதீர்கள்.

மேல் மூடியைக் கழற்றும்போது அதன் நேர்மேலே முகத்தை வைக்காதீர்கள், ஸ்பிரிங் தள்ளும். பெரும்பாலும் மூடி பிளாஸ்டிக், ஸ்பானர் வழுக்கினால் மூடியின் முனைகள் மழுங்கிவிடும். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும்போதே வந்த வரிசையில் பேப்பரில் படுக்க வையுங்கள், போன் இருந்தால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கூழாகிப்போன ரப்பரைச் சுரண்டத் தென்னை ஈர்க்கைச் சேர்த்துக் கட்டினால் நல்ல கருவி. ஸ்க்ரூ டிரைவரை விட்டால் குழாய்க்குள் கீறல் விழும். குழாய்க்குள் மட்டும், ரப்பர் எதுவும் இல்லாதபோது, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவலாம். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நன்றாகக் காய வேண்டும். அடியில் இருக்கும் போல்ட்டைத் திரும்ப முடுக்கும்போது பலத்தைக் காட்டாதீர்கள், அது பிடிப்பது பெரும்பாலும் மெல்லிய அலுமினியத்தில்.

குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்களுக்கு இது வேறு வேலை. இரும்பு போல்ட், அலுமினிய உடல், நடுவில் உப்பு ஈரம். மூன்றும் சேர்ந்தால் போல்ட் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ரப்பருக்காக இல்லாவிட்டாலும், போல்ட்டுக்காகவாவது வருடம் ஒரு தடவை கழற்றி கிரீஸ் தடவிப் போடுங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டதென்றால் ஆலன் கீயை வைத்துத் தொங்காமல் கடையில் கொடுத்துவிடுங்கள். உடைந்த போல்ட்டை எடுக்கும் கூலியில் அரை ஷாக் வாங்கிவிடலாம்.

பைக் கடையில் ஃபோர்க் ஆயில் சீல் இருக்கிறது. அதைப் போடலாமா?

விட்டம் ஒத்துப்போனாலும் போடாதீர்கள். பைக் சீல் குழாயை இறுக்கிப் பிடிக்கும். இருநூறு கிலோ பாரத்துக்கு அது தெரியாது. சைக்கிளில் சின்னக் குழிக்கு ஷாக் அசையவே அசையாது.

புதுசு போட்ட பிறகு ரொம்ப இறுக்கமாக இருக்கிறது. தப்பாகப் போட்டுவிட்டேனா?

பழைய தொய்வுக்குக் கை பழகியிருக்கும், அதனாலும் இருக்கலாம். அளந்து பாருங்கள். ஷாக் குழாயில் சீல் ஓரமாக ஒரு நூலைச் சுற்றிக் கட்டுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, யாரும் குலுக்காமல், மெதுவாக ஏறி உட்கார்ந்து மெதுவாக இறங்குங்கள். நூல் மேலே தள்ளப்பட்டிருக்கும். சீலுக்கும் நூலுக்கும் நடுவே எத்தனை மி.மீ. என்று பாருங்கள். ஷாக் முழுக்க ஓடக்கூடிய தூரத்தில் ஐந்தில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்று வரை இருந்தால் சரி. 80 மி.மீ. ஷாக்குக்கு 16 முதல் 20 வரை. பத்துகூட வரவில்லை என்றால் மேலே திருகு இருக்கும், அதைத் தளர்த்திப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நான் செய்த அதே வேலையைச் செய்து வைத்திருக்கிறீர்கள், துண்டை வெளியே எடுத்துக் கொஞ்சம் மெலிதாக்கிப் போடுங்கள்.